அர்பூனாவைத் தேடி

மதரஸாவில் ஓதிக் கொண்டிருந்த நாளில் அந்தலுஸ் வரலாறு கூறும் அரபு நூலொன்றில் ‘அர்பூனா’ என்னும் ஊர்ப்பெயரைக் கண்டோம். கலீஃபா உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்களின் ஆளுநர் அஸ்ஸம்ஹ் இப்னு மாலிக் அல்கவ்லானீ, பிரெனே மலைகளைக் கடந்து அவ்வூரைக் கைப்பற்றினார் என்று பாடம் சென்றது. ஊர் எங்கே இருக்கிறது என வினவினோம். “பிரான்சு தேசத்தில் எங்கோ” என்று கூறிவிட்டு உஸ்தாத் அவர்கள் அடுத்த வரிக்குச் சென்று விட்டார்கள். அந்த ‘எங்கோ’ பல்லாண்டுகள் நம் உள்ளத்தில் கிடந்தது.

நம் தமக்கை மகனுக்குத் துலூஸ் நகரில் வேலை கிடைத்த பிறகுதான் விடை வந்தது. அவர் அனுப்பிய படத்தில் நார்போன் என்றிருந்த கடலோர நகரே நம் அர்பூனா. 759 வரை ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அது முஸ்லிம்களின் கையில் இருந்தது. அஸ்ஸம்ஹ் 721-இல் உயிர் துறந்ததோ, மருமகன் குடியிருக்கும் அதே துலூஸில் நடந்த போரில்!

ஆனால் நாம் பழைய படநூல்களில் கண்ட ‘லாங்தொக்’ என்னும் பெயர் அங்கில்லை. ‘ஒக்சித்தானி’ என்றிருந்தது. 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஐரோப்பியப் பிரான்சின் 22 மண்டலங்கள் 13 ஆகச் சுருங்கின. அப்போது லாங்தொக்-ருசியோனும் மிதி-பிரெனேயும் 2016 சனவரி முதல் நாள் ஒன்றாயின. பதின்மூன்று மாவட்டங்கள், ஏறத்தாழ 72,700 சதுர கிலோமீட்டர் பரப்பு, அறுபது இலட்சம் மக்கள். தெற்கே பிரெனே மலைகள், கிழக்கே மத்தியதரைக் கடல். கரோன் ஆறு மேற்குக் கடலை நோக்கி ஓட, 1681-இல் திறக்கப்பட்ட மிதிக் கால்வாய் துலூஸைக் கிழக்குக் கடலோடு இணைக்கிறது. மக்கள் துலூஸிலும் மொன்பெலியேயிலும் நெருங்கி வாழ, மலைப்பாங்கான லோசேர் மாவட்டத்திலோ எண்பதாயிரம் பேர்கூட இல்லை.

பெயருக்கு மக்கள் கருத்தைக் கேட்டார்கள். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பங்கு கொண்டனர். தென்னவர் ‘ஆம்’ என்பதற்கு ‘ஒக்’ என்பர். அதனால் அவர்கள் மொழிக்கே அது பெயராயிற்று. அச்சொல்லிலிருந்து பிறந்த ஒக்சித்தானி முதலிடம் பெற்றது. ‘ஆம்’ என்னும் அப்பெயருக்கு ‘இல்லை’ என்றோரும் உண்டு! பெர்ப்பிஞான் பகுதி மக்கள் கத்தலான் மரபினர். 1659-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பிரான்சோடு சேர்ந்தவர்கள். தங்கள் பெயர் எங்கே என்று அவர்கள் 2016-இல் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் கேட்டது நியாயமே என்பது நம் எண்ணம். அதுமட்டுமன்று, ஒக் மொழியின் நிலம் இம்மண்டலத்தினும் பெரிது. புரோவான்சும் லிமுசேனும் வெளியே நிற்க, பெயர் மட்டும் இங்கே வந்து அமர்ந்தது.

அம்மொழியின் கதை நம்மைத் தூங்கவிடவில்லை. துருபதூர் எனப்பட்ட பாவலர்கள் இடைக்காலத்தில் பாடிய மொழி அது. 1539-இல் அரசாணை வழக்கு மன்ற ஆவணங்களைப் பிரெஞ்சு மொழிக்கு ஆக்கியது. பிற்காலப் பள்ளிகளில் வீட்டு மொழி பேசிய பிள்ளையின் கையில் ஓர் அடையாளப் பொருளைத் திணித்து, அடுத்துப் பேசுவோனைக் காட்டிக் கொடுத்தால்தான் அவனிடம் தள்ளிவிடலாம் என்று வைத்தார்கள். பிரம்பு பிடித்த நமக்கே இதைப் படித்தபோது கை கூசியது. பள்ளியில் அதைக் கற்பிக்க 1951-இல்தான் சட்டம் இடம் தந்தது. இன்று யுனெஸ்கோவின் ஆபத்துக்குள்ளான மொழிகளின் பட்டியலில் அதன் கிளைமொழிகள் உள்ளன.

துலூஸின் சுரங்க இரயிலில் நிலையங்களின் பெயரைப் பிரெஞ்சிலும் ஒக் மொழியிலும் அறிவிக்கிறார்கள். மருமகனின் அண்டை வீட்டு மூதாட்டி அதைக் கேட்டுச் சிரித்தாராம். “எனக்கு விளங்குகிறது. ஆனால் என் பிள்ளைகளிடம் ஒரு நாளும் பேசியதில்லை. பட்டிக்காட்டுப் பேச்சு என்று வெட்கப்பட்டோம்” என்றாராம்.

இதைத் தொலைபேசியில் கேட்ட இரவு நம் பாட்டியாரின் தகரப் பெட்டியைத் திறந்தோம். அரபுத்தமிழில் அவர் எழுதிய பதினேழு கடிதங்கள் இருந்தன. நமக்கு அவை சரளமாக ஓடும். நம் மக்கள் மூவருக்கும் ஒரு வரி வராது. யாரும் தடுக்கவில்லை, நாம்தாம் கற்றுத் தரவில்லை. பெருநாளைக்கு ஊர் வரும் மருமகன் பார்க்க வேண்டும் என்றிருக்கிறார். பெட்டியை மேசை மேலேயே வைத்திருக்கிறோம்.