அம்பு ஆற்றில் ஓடியது

லேப்டாப்பைப் பார்த்து வழி கண்டுபிடித்துக் கார் ஓட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஓட்ட, மற்றவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து திரையைப் பார்த்துச் சொல்ல. 2000களின் நடுவில் நியூஜெர்சியில் குடித்தனம் செய்த எங்களைப் போன்ற பல வீடுகளில் இந்த இரண்டாவது வேலை மனைவி தலையில் விழுந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. சொல்லப்போனால், அந்த சீட்டில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்ட அமெரிக்க பூகோளம் கொஞ்சநஞ்சமல்ல.

அதற்கு முன்னால் மேப்குவெஸ்ட் தளத்தில் வழியை எடுத்து, ஆபீஸ் பிரின்ட்டரில் அச்சிட்டுக் கொண்டுபோவோம். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் மிச்சமுள்ள தாளெல்லாம் குப்பை. டாஷ்போர்டில் ஒட்டிவைக்கிற தனிக் கருவிகள் வந்துவிட்டன, ஆனால் விலை கையைக் கடித்தது. லேப்டாப்போ எல்லார் வீட்டிலும் இருந்தது. பாதிப் பேருக்குக் கம்பெனியே கொடுத்தது. அதோடு ஒரு ஜிபிஎஸ் ரிசீவரும் வரைபட மென்பொருளும் சேர்ந்தால் வேலை முடிந்தது. மெய்ன் மாநிலத்து டிலோர்ம் கம்பெனி 1991லேயே அமெரிக்கத் தெருக்களை ஒரு சிடிக்குள் அடக்கி விற்றது. பின்னால் எர்த்மேட் என்ற மஞ்சள் நிற ரிசீவரையும் கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்டின் ஸ்ட்ரீட்ஸ் அண்ட் ட்ரிப்ஸ் 2005ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் ரிசீவருடன் சேர்ந்தே ஒரே பெட்டியில் கிடைத்தது. எங்களிடம் இருந்தது எது என்று சொல்லப்போவதில்லை. அதன் குறைகளைத்தான் நிறையப் பேசப்போகிறேன், பாவம்.

ஏற்பாடுகளே ஒரு தனிக்கதை. பேட்டரி இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. அதனால் சிகரெட் லைட்டர் துளையில் இன்வெர்ட்டர் ஒன்று. காரின் 12 வோல்ட்டை அது வீட்டு மின்சாரமாக 120 வோல்ட்டுக்கு ஏற்றும். லேப்டாப்பின் அடாப்டர் அதை மறுபடி 19 வோல்ட்டுக்கு இறக்கும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதுதான். மடியில் சூடு தாங்காமல் ஒரு தலையணை. காலையில் மேற்கே போனால் முதுகுப் பக்கத்து வெயில் நேராகத் திரையில் விழுந்து ஒன்றுமே தெரியாது. துப்பட்டாவைத் தலைக்கும் லேப்டாப்புக்கும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு உள்ளே பார்க்க வேண்டும். எதிரே ஏர்பேக் இருக்க, அதற்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு லேப்டாப்பை நிறுத்திவைப்பதை எந்த டாக்டரும் சிபாரிசு செய்ய மாட்டார்.

நாங்கள் அடிக்கடி போனது பிட்ஸ்பர்க் பெருமாள் கோவிலுக்கு. 1970களில் பென் ஹில்ஸ் குன்றின்மேல் எழுந்த கோவில். ஊரிலிருந்து யார் வந்தாலும் நயாகராவுக்கு ஒரு பயணம், பிட்ஸ்பர்க்குக்கு ஒரு பயணம் என்பது எழுதாத சட்டம். அத்தை வந்திருந்தபோது புளியோதரை கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினோம். கிளம்பினோம் என்றா சொன்னேன்? அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நின்றோம். பல நாள் தூங்கிய ரிசீவர் விழித்துக்கொள்ள நேரமாகும். இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேலே சுற்றும் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் தன் பாதை விவரத்தை விநாடிக்கு வெறும் 50 பிட் வேகத்தில் ஒப்பிக்கிறது. ஒன்றின் விவரம் முழுசாக வந்துசேரவே அரை நிமிடம். நடுவில் ஒரு மரக்கிளை மறைத்தால் முதலிலிருந்து. குறைந்தது நான்கு கோள்களாவது கிடைத்தால்தான் காரைக் குறிக்கும் அம்பு திரையில் தலைகாட்டும்.

"பக்கத்துல யாரையாவது கேட்டுட்டுப் போனா என்னடா?" என்றார் அத்தை பின்சீட்டிலிருந்து.

"ஹைவேல யாரும்மா இருக்கா கேக்கறதுக்கு?" என்றார் என் கணவர்.

அத்தையின் கேள்வி நியாயமானது. தஞ்சாவூர்ப் பக்கம் எந்த முக்கிலும் டீக்கடைக்காரர் ஒருவர் கையை நீட்டிச் சொல்லிவிடுவார். இன்டர்ஸ்டேட் 78இல் அப்படி ஒரு ஆத்மா கிடையாது.

அந்த ரிசீவர் உண்மையில் என்ன சொல்கிறது என்று ஒருமுறை தனியாகத் திறந்து பார்த்தேன். விநாடிக்கு ஒருமுறை, கமா போட்டுப் பிரித்த சில வரிகள். நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், திசை, தேதி. கணக்கு சேர்ந்துவிட்டதா இல்லையா என்று சொல்ல ஓர் எழுத்து: ‘ஏ’ என்றால் நம்பலாம், ‘வி’ என்றால் நம்பாதே. கப்பல் மின்னணுக் கருவிக்காரர்களின் சங்கம் வகுத்த முறை அது, அதனால் வேகம் கடல்காரர்களின் நாட் கணக்கில் வரும். பென்சில்வேனியாவில் 65 மைலில் போகும் எங்கள் கார் அதற்கு 56 நாட் வேகத்தில் போகும் படகு. அந்த வரிகளில் சாலை என்ற பேச்சே இல்லை. ஊர் இல்லை, எக்ஸிட் இல்லை, பெருமாள் கோவில் இல்லை. பூமியில் ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

சாலையெல்லாம் சிடியில் இருக்கிறது; அதை வரைந்தவர்கள் வேறு ஆட்கள், வரைந்த வருஷமும் வேறு. இந்த இரண்டும் முதல் தடவையாகச் சந்திப்பது என் மடியில்தான்.

சந்தித்தபோது ஒத்துப்போகாததை ஹாரிஸ்பர்க்கில் கண்ணால் பார்த்தேன். இன்டர்ஸ்டேட் 81 அங்கே சஸ்குவஹானா ஆற்றைக் கடக்கிறது. நாங்கள் பாலத்தின்மேல். திரையிலோ அம்பு பாலத்தை விட்டு விலகி நீல நிறத்தில் நீந்திக்கொண்டிருந்தது. "ஆத்துல போறோம்" என்றேன். அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதில் கோளைக் குறை சொல்ல முடியாது. ராணுவக் காரணத்துக்காக அமெரிக்கா வேண்டுமென்றே கலந்துவிட்ட பிழையை 2000 மே மாதம் கிளின்டன் நிறுத்தச் சொன்ன பிறகு, சாதாரண ரிசீவரே பத்துப் பதினைந்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். வரைபடங்கள் அந்த அளவுக்குத் தயாராக இருக்கவில்லை. 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக உருவான டைகர் தொகுப்புதான் அந்நாளைய மலிவு வரைபடங்கள் பலவற்றுக்கும் மூலம். அதில் பெரும்பகுதி ஒரு லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் வரைந்த படங்களிலிருந்து எடுத்தது. ஐம்பது மீட்டர் இப்படி அப்படி இருந்தால் பிழையென்றே கொள்ள மாட்டார்கள். எந்த வீடு எந்தத் தெருவில் என்று எண்ணுகிறவருக்கு அது போதும். கார் எந்தப் பாதையில் போகிறது என்று பார்க்கிறவருக்குப் போதாது. புதிதாகத் திறந்த பைபாஸ் என்றால் இன்னும் விசேஷம்: அம்பு பாட்டுக்குச் சாலையே இல்லாத வெறும் வயலில் 65 மைல் வேகத்தில் ஓடும்.

ஆக, நடுவில் இருந்து தீர்ப்புச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. அம்பு எப்போதும் காருக்குப் பின்னால்தான் வரும். 65 மைலில் ஒரு விநாடிக்கு 95 அடி. மென்பொருள் திரையை மாற்றி வரைய மூன்று விநாடி எடுத்தால் கிட்டத்தட்ட முந்நூறு அடி போய்விடும். அம்பு எக்ஸிட்டைத் தொட்ட பிறகு சொன்னால் எக்ஸிட் கண்ணாடியில்தான் தெரியும். எக்ஸிட் எண்களிலும் குழப்பம்: பிட்ஸ்பர்க்குக்குப் போகும் பென்சில்வேனியா டர்ன்பைக் என்ற சுங்கச் சாலையில் வரிசை எண்ணை எடுத்துவிட்டு மைல் எண்ணைப் போட்டு அதிக காலமாகியிருக்கவில்லை. பிட்ஸ்பர்க் பக்கத்து மன்ரோவில் எக்ஸிட் ஆறாம் எண்ணிலிருந்து 57 ஆகியிருந்தது. பலகையில் புது எண்ணும், அருகே ‘பழைய எக்ஸிட் 6’ என்று ஒரு துண்டும் இருக்கும். கார்லைல் இன்னொரு சோதனை. இன்டர்ஸ்டேட் 81உம் டர்ன்பைக்கும் அங்கே ஒன்றையொன்று கடக்கின்றன, ஆனால் நேராகச் சேர்வதில்லை. இறங்கி, லாரிக்காரர்கள் நிறுத்தும் பெட்ரோல் பங்க்குகளுக்கு நடுவே சிக்னல் சிக்னலாக ஊர்ந்து, மறுபடி ஏற வேண்டும். முதல் தடவை போகிறவருக்கு வழி தவறிவிட்டோம் என்றே தோன்றும். "இல்லைங்க, சரிதான், போங்க" என்று ஒருவர் படத்தை முழுசாகப் பார்த்துச் சொல்வது எவ்வளவு ஆறுதல் என்பது ஸ்டியரிங் பிடித்தவருக்குத்தான் தெரியும்.

டர்ன்பைக்கில் ஏறியதும் மலைகள். ப்ளூ மவுன்டன் சுரங்கப்பாதைக்குள் நுழைந்தவுடன் அம்பு வாசலிலேயே நின்றுவிட்டது. வெளியே வந்தால் அறுநூறு அடிதான் வானம். ஏழெட்டு விநாடிக்குள் அடுத்தது, கிட்டடின்னி. அந்த இடைவெளியில் ரிசீவர் கண் விழிப்பதற்குள் மறுபடி இருட்டு. திரையில் நாங்கள் இன்னும் முதல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தோம். அந்த அசையாத அம்புமேல் எனக்கு மரியாதை உண்டு. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று நின்றுவிடும்.

இன்றைய ஃபோன் அப்படி நிற்பதில்லை. சுரங்கத்துக்குள்ளும் முந்தைய வேகத்தை வைத்து ஊகித்து அம்பை நகர்த்திக்கொண்டே போகிறது. கார் சாலையை விட்டு விலகித் தெரிந்தால் சத்தமில்லாமல் இழுத்துச் சாலைமேல் வைத்துவிடுகிறது. வசதிதான், மறுக்கவில்லை, 2009இல் கூகுள் இலவசமாகத் திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்ல ஆரம்பித்த பிறகு யார் லேப்டாப்பைச் சுமப்பார்கள்? ஸ்ட்ரீட்ஸ் அண்ட் ட்ரிப்ஸையும் 2014இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் எது தெரிந்து சொல்வது, எது ஊகம் என்று பார்க்கிறவருக்குக் காட்டாமல் மூடிவிட்ட வசதி அது. பதினைந்து அங்குலத் திரையில் மூன்று மாவட்டத்தை ஒரே பார்வையில் பார்த்துவிட்டு, அடுத்த திருப்பத்தை மட்டும் காட்டும் ஓர் உள்ளங்கைப் படத்துக்கு வருவதும் எனக்கு ஒப்பவில்லை.

போன கோடையில் மகன் ஓட்டினான். கார்லைல் தாண்டி டர்ன்பைக்கில் ஏறியதும், எங்கே இருக்கிறோம் என்று பார்க்க அவன் ஃபோனில் இரண்டு விரலால் படத்தைச் சுருக்கினேன். ஹாரிஸ்பர்க் வந்தது, ஆறு வந்தது, மலைத்தொடர் சாய்ந்து தெரிந்தது. அவன் எட்டி ஒரு பொத்தானைத் தட்டினான். எல்லாம் மறைந்து மறுபடி ஒரு நீலக் கோடு.

"169 மைல் நேராப் போணும்மா. பார்க்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

"சரிடா, சைட்லிங் ஹில் சர்வீஸ் பிளாசால நிறுத்து. புளியோதரை இருக்கு" என்றேன்.