வெஸேர் நதிக்கரையிலே

பிரான்சு தேசம் என்றவுடன் நம்மவர்க்குப் பாரிஸ் மாநகரமும் ஈபெல் கோபுரமுமே நினைவிற்கு வருகின்றன. அந்நாட்டிற்குச் செல்வோரிற் பலர் அவற்றைக் கண்டதோடு திரும்பியும் விடுகின்றனர். ஆனால் பாரிசுக்குத் தென்மேற்கே, பெரிகோர் என்று பழம்பெயர் வழங்கும் தோர்தோன் மாவட்டத்தில், லெஸேஸி என்ற சிற்றூர் ஒன்று உண்டு. ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழும் ஊர். அங்கே மாளிகைகளும் இல்லை. அகன்ற வீதிகளும் இல்லை. ஆயினும் மனித குலத்தின் பழங்கதையை அறிய விழைவோர் உலகின் நாற்றிசையினின்றும் அவ்வூரை நாடி வருகின்றனர். அக்டோபர் மாதக் கடைசியில் நாங்கள் அங்கே நான்கு நாட்கள் தங்கினோம். கண்டவற்றை நம் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளும் ஆவலால் இதனை எழுதுகின்றோம்.

பெரிகே நகரில் ஒரு சிறு இரயில் வண்டிக்கு மாறி ஏறினோம். செஸ்ட்நட் மரக் காடுகளினூடே வளைந்து வளைந்து சென்ற வண்டி, முக்கால் மணிக்குள் எங்களை லெஸேஸியில் இறக்கிவிட்டது. நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் கண்ணிற் பட்டது ஊரன்று, பாறை. தேன் நிறமும் சாம்பல் நிறமும் கலந்த சுண்ணாம்புக்கற் பாறை நெடுஞ்சுவராக எழுந்து, படமெடுத்த நாகம்போல் முன்னே கவிந்து நிற்கின்றது. அதன் நிழலில் வீடுகள் ஒண்டியிருக்கின்றன. சில வீடுகளுக்குத் தனியே பின்சுவர் இல்லை, பாறையே பின்சுவர். கீழே வெஸேர் நதி ஓசையின்றி ஓடுகின்றது. மில்வாஷ் என்ற மேட்டு நிலத்தில் தோன்றும் அந்நதி, லெஸேஸியைக் கடந்து சென்று லிமேய் என்னுமிடத்தில் தோர்தோன் ஆற்றோடு கலக்கின்றது.

இப்பாறை பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியிற் படிந்தது. பின்னர் ஆறு அதனை அறுத்துப் பள்ளத்தாக்கை உண்டாக்கிற்று. உறைபனி பாறையின் மென்மையான அடுக்குகளை உதிர்த்து, மழை நனைக்காத தாழ்வாரங்களை அமைத்தது. ஐரோப்பாவின் வடபகுதியைப் பனிப்பாளங்கள் மூடிக்கிடந்த காலத்தில், தெற்கு நோக்கிய இத்தாழ்வாரங்கள் வெயிலின் வெம்மையை வாங்கிக் கொடுத்தன. ஆற்றிலே மீன், புல்வெளியிலே பனிமான் மந்தை, பாறையிலே கருவிகள் செய்யச் சிக்கிமுக்கிக் கல். உணவும் உறைவிடமும் ஆயுதமும் ஓரிடத்தே கிடைத்தமையால் மனிதர் இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர்.

1868-ஆம் ஆண்டு, இரயில் பாதை வந்ததையொட்டிச் சாலை வேலைக்காக மண் அகழ்ந்த தொழிலாளர்கள், இவ்வூர்த் தாழ்வாரம் ஒன்றில் மனித எலும்புகளைக் கண்டனர். லூயி லார்த்தே என்ற அறிஞர் அவற்றை முறைப்படி ஆராய்ந்தார். ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அம்மக்கள் உடலமைப்பில் நம்மைப் போன்றவர்களே. குரோ-மாக்னன் என்ற அவ்விடத்தின் பெயரே அவர்களுடைய பெயராகிப் பாட நூல்களில் ஏறிவிட்டது. அவர்களும் அம்மண்ணில் முளைத்தவர்கள் அல்லர். ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டு, பல தலைமுறைக் காலம் நடந்து நடந்து வந்தோரின் வழித்தோன்றல்கள். பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மனோர்க்கு இச்செய்தி அந்நியமாகத் தோன்றாது.

ஊரின் நடுவே, பாறையின் இடுப்பைப் பற்றிக்கொண்டு நிற்கும் பழங்கோட்டையில், சரித்திரத்திற்கு முற்பட்ட காலத்திற்கான தேசியப் பொருட்காட்சிசாலை உள்ளது. இதற்கு மூலகாரணர் தெனி பெய்ரோனி என்ற உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர். அவருடைய முயற்சியால், பாழடைந்து கிடந்த அக்கோட்டையை அரசாங்கம் 1913-இல் வாங்கியது. 2004-இல் அதனருகே புதிய கட்டடமும் திறக்கப்பெற்றது. அங்கே பனிமான் கொம்பிற் செதுக்கிய ஒரு சிறு காட்டெருது இருக்கின்றது. கழுத்தைத் திருப்பித் தன் விலாவைத் தானே நக்கும் நிலை. உள்ளங்கையில் அடங்கும் அவ்வுருவின் முன் நாங்கள் நெடுநேரம் நின்றோம். கரண்டி வடிவில் செங்கல்லால் அன்றிச் செம்மணற்கல்லால் ஆன விளக்கொன்றும் உண்டு. கொழுப்பை ஊற்றித் திரியிட்டு, அதன் ஒளியிலேதான் அக்காலத்து ஓவியர் குகைக்குள்ளே வண்ணம் தீட்டினர்.

அவ்வோவியங்களைக் காண, ஊருக்கு வெளியே உள்ள போன்-த-கோம் குகைக்கு மறுநாட் காலை சென்றோம். ஓக் மரங்களுக்கிடையே ஏறிச் செல்லும் பாதை. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரையறுத்து, சிறு சிறு குழுக்களாகவே உள்ளே விடுகின்றனர். பைகளை வெளியே வைத்துவிட வேண்டும். படம் எடுத்தலும் கூடாது. வழி மிகக் குறுகலானது. தோள் சுவரில் படாதபடி ஒடுங்கி நடத்தல் வேண்டும். முதலில் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. வழிகாட்டும் அம்மையார் கைவிளக்கை மெல்லச் சாய்த்தார். உடனே பாறையின் மேடு ஒரு காட்டெருதின் முதுகாயிற்று, பள்ளம் வயிறாயிற்று. கல்லின் இயல்பான வளைவையே உடலாகக் கொண்டு, காவி மண்ணாலும் மாங்கனீசுக் கருமையாலும் ஓவியன் அதற்கு உயிரூட்டியிருக்கின்றான். இருநூறுக்கும் மேற்பட்ட உருவங்கள் இக்குகையில் உள்ளன. அவற்றுள் இரண்டு பனிமான்களை எங்களால் மறக்க இயலாது. ஒன்று முழந்தாளிட்டிருக்கின்றது, மற்றொன்று குனிந்து அதன் நெற்றியை நாவால் வருடுகின்றது. ஏறத்தாழ 17,000 ஆண்டுகளுக்கு முன் எழுதிய அன்பின் வடிவம் அது. குழுவில் ஒருவரும் பேசவில்லை.

இக்குகை இங்குள்ளோர்க்கு நெடுங்காலமாகத் தெரிந்ததே. உள்ளே போய்வந்தவர்கள் சுவரில் தங்கள் பெயர்களையும் கீறியிருக்கின்றனர். தம் பெயரை எழுத இடம் தேடியவர்களுக்கு அங்கிருந்த ஓவியம் தென்படவில்லை! 1901-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், அருகிலுள்ள கொம்பரேல் குகையில் விலங்குகளின் செதுக்கோவியங்கள் கண்டறியப்பட்டன. அதற்குச் சில நாட்களுக்குப் பின் போன்-த-கோம் ஓவியங்களைப் பெய்ரோனி கண்டறிந்தார். அதுவரை, ஆதிமனிதனுக்கு இத்தகைய கலைத்திறன் இருந்திருக்க முடியாது என்றே அறிஞருலகம் சாதித்து வந்தது. ஸ்பெயின் நாட்டு அல்தமிராக் குகை ஓவியங்களை 1880-இல் வெளியிட்ட சௌத்துவோலா என்பவரை நம்பாது பழித்தனர். அவர் 1888-இல் காலமானார். அவரை மறுத்தோரில் ஒருவரான கார்த்தயாக் என்ற பேரறிஞர், லெஸேஸிக் குகைகளின் சான்று வெளிவந்த பின், 1902-இல் தம் பிழையை ஒப்புக்கொண்டு கட்டுரை எழுதினார். பாராட்டு வந்து சேர்ந்தபோது அதனைக் கேட்கச் சௌத்துவோலா உயிரோடு இல்லை.

மூன்றாம் நாள் நாங்கள் கண்டது மீன் தாழ்வாரம் எனப்படும் இடம். அதன் விதானத்தில் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள ஸால்மன் மீன் ஒன்று புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளது. 1912-இல் அது கண்டறியப்பட்டதும், அதனைப் பாறையிலிருந்து பெயர்த்து வெளிநாட்டிற்கு விற்க முயன்றனர். அரசாங்கம் குறுக்கிட்டுத் தடுத்துவிட்டது. ஆனால் மீனைச் சுற்றி உளியால் வெட்டிய ஆழமான பள்ளங்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. தடுக்கப்படாது சென்றவையும் உண்டு. இதே பள்ளத்தாக்கில் லெ முஸ்தியே என்னுமிடத்தில் 1908-இல் கிடைத்த ஆதிமனித இளைஞனின் எலும்புக்கூடு பெர்லின் நகரத்திற்கு விற்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் அழிவில் அதன் பெரும்பகுதி எரிந்து போயிற்று.

விற்பவனால் மட்டும் கேடு வருவதில்லை. விரும்பி வருபவனாலும் வரும் என்பதற்கு லாஸ்கோ சான்று. வெஸேர் நதியோடு மேல்நோக்கிச் சென்றால் மோந்தினியாக் என்ற ஊர் வரும். அதனருகே 1940-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் நான்கு சிறுவர்கள் அக்குகையைக் கண்டுபிடித்தனர். 1948-இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நாளடைவில் தினமும் 1,000-க்கும் மேற்பட்டோர் வரலாயினர். அவர்களுடைய மூச்சுக்காற்றும் உடல் வெப்பமும், குகையில் எரிந்த விளக்கும் சேர்ந்து சுவரிலே பச்சைப் பாசியைப் படரவிட்டன. வெண்மையான சுண்ணப் படிவையும் உண்டாக்கின. பல்லாயிரம் ஆண்டுகள் இருளிற் கெடாதது, பதினைந்தே ஆண்டுகளில் நோயுற்றது. 1963-இல் பண்பாட்டு அமைச்சர் மால்ரோ அதனை மூடுமாறு ஆணையிட்டார். 1983-இல் அதன் பிரதியொன்றும், 2016-இல் மேலும் விரிவான பிரதியொன்றும் மக்களுக்குத் திறக்கப்பெற்றன. மூலக் குகையை நாங்களும் காணவில்லை, பிரதியையே கண்டோம். ஐந்து மீட்டருக்கும் மேல் நீண்ட பெருங்காளையின் கீழே நின்றபோது, இது படியெடுத்தது என்ற எண்ணம் முதலில் உறுத்தியது. சிறிது நேரத்தில் அவ்வுறுத்தல் நீங்கிற்று. நாம் காணாதிருப்பதனாலேயே அது இருக்கின்றது என்று உணர்ந்தோம். காணும் உரிமையை விட்டுக்கொடுப்பதும் ஒருவகைக் காவலே.

கடைசி நாள் ஆற்றோரமாக நடந்தோம். கரையில் அக்ரூட் தோப்புகள்; உதிர்ந்த காய்களை ஊரார் கூடைகளில் பொறுக்கிக்கொண்டிருந்தனர். இங்கே அக்ரூட் எண்ணெய் பேர்பெற்றது. நீரின்மேல் மீன்கொத்தி நீலக்கோடு இழுத்தாற்போற் பறந்தது. ஒரு கிலோ மீட்டர் நீளமுள்ள லா ரோக் சேன் கிறிஸ்தோஃப் என்ற பாறையையும் கண்டோம். அதன் அடுக்குகளில் இடைக்காலத்திலும் மக்கள் குடியிருந்தனர். 1588-இல் மதப்போரின்போது அக்குடியிருப்பு அழிக்கப்பட்டது. மாலையில் வானத்தே பெருங்கூச்சல் எழுந்தது. அண்ணாந்து பார்த்தால், வடக்கேயிருந்து பெருங்கொக்குகள் அணி வகுத்துத் தெற்கே சென்றுகொண்டிருந்தன. குளிர்காலத்தில் குஜராத்திலும் இராஜஸ்தானத்திலும் வந்திறங்குவது இதே இனந்தான். அங்கு வாழும் நம் அன்பர்கள் இதனைப் படித்து மகிழ்வார்கள் என்று நம்புகின்றோம்.

1979 முதல் இப்பள்ளத்தாக்கின் பதினைந்து இடங்கள் உலகப் பாரம்பரியச் சின்னங்களாகப் போற்றப்படுகின்றன. அதற்குப் பேரரசர் எவரும் காரணமல்லர். ஒரு பள்ளி ஆசிரியரின் விடாமுயற்சியும், வேண்டிய வேளையில் வேண்டாமென்று சொல்லத் துணிந்த அரசாங்கமும், அதனை ஏற்றுக்கொண்ட மக்களுமே காரணம். நம் நாட்டிலும் போபால் நகருக்கருகே பீம்பேட்காப் பாறைகளில் ஆதிமனிதர் தீட்டிய ஓவியங்கள் உள்ளன. விடுமுறையில் குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். தொடாமற் பார்க்கவும், சுவரிற் பெயர் எழுதாமல் திரும்பவும் அவர்களைப் பழக்குங்கள். பிரான்சிற்குப் போகும் வாய்ப்புடையோர் முன்கூட்டியே அனுமதிச் சீட்டைப் பதிவு செய்துகொண்டு, லெஸேஸிக்கு இரண்டு நாட்களாவது ஒதுக்குதல் நன்று. முழந்தாளிட்ட மானும் அதன் நெற்றியை வருடும் மானும் அங்கே இருளிற் காத்திருக்கின்றன.