சாமியின் வண்டி

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும் மலைப்பாதையில் சென்றவர்கள் பிரேக்கின் அருமையை அறிவார்கள். வளைவுக்கு வளைவு சரிந்து செல்லும் அந்தச் சாலையின் முடிவில் காவிரி இரைந்து கொண்டிருக்கும். புகையும் கல் என்னும் பொருள்படக் கன்னடத்தில் பெயர் பெற்ற அவ்வூரின் கரையோரக் குடும்பங்களுக்காக அப்பாதையில் ஏறியிறங்கும் பணி நமக்கு வாய்த்தது. பங்கின் பழைய ஜீப்பே அதற்குத் துணை.

ஜீப்புக்கு வயதாகிவிட்டது. புதிய வண்டி வாங்கும் வசதி பங்குக்கு இல்லை. ஆகவே, நல்ல நிலையில் உள்ள பழைய கார் ஒன்றைத் தேடி வாங்குவதென்றும், ஜீப்பை விற்றுவிடுவதென்றும் பங்குப் பேரவை முடிவு செய்தது. தத்துவமும் இறையியலும் கற்ற நமக்கு வண்டியின் உள்விவகாரம் தெரியாது. எனவே, நீண்ட நாள்களாக நமது ஜீப்பைப் பழுது பார்த்துவந்த மெக்கானிக் பாயின் உதவியை நாடினோம்.

முதலில் பார்த்த வண்டி கண்ணைப் பறித்தது, பெயிண்ட் மின்னியது. பாய் அதைப் பாராட்டவில்லை. விரல் கணுவால் கதவுகளைத் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் ஓசை மங்கியது. துணியில் சுற்றிய காந்தத்தை அங்கே வைத்தார், அது ஒட்டவில்லை. தகரத்தின் மேல் கனமாகப் பட்டி பூசப்பட்டிருந்தது. பானெட்டுக்கும் பக்கத் தகடுகளுக்கும் இடையேயுள்ள இடைவெளி ஒரு புறம் அகன்றும் மறுபுறம் குறுகியும் இருந்தது. முன் டயர்கள் ஒரு பக்கமாகவே தேய்ந்திருந்தன. “பாதர், இது பலமா அடிபட்ட வண்டி” என்றார் பாய். விற்பவரோ, வண்டியில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்று அதற்குச் சற்று முன்புதான் நம்மிடம் உறுதி கூறியிருந்தார்.

இரண்டாவது வண்டியின் மீட்டர் நாற்பதாயிரம் கிலோமீட்டர் என்றது. ஆனால் கிளட்ச் மிதியின் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. ஸ்டியரிங்கின் தோலும் உரிந்திருந்தது. மீட்டரைத் திருப்பி வைக்கலாம். மனிதக் காலும் கையும் பதித்த தேய்மானத்தைத் திருப்ப இயலாது. பாய் சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்துப் பார்த்தார். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கழுவி விற்பவர்கள், உள்ளே சுருண்டிருக்கும் பெல்ட்டின் அடிப்பகுதியைக் கழுவ மறந்துவிடுவார்களாம். சேற்றுக் கறை அங்கே நின்றுவிடும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் எண்ணற்ற கார்கள் மூழ்கியதை நாம் அறிவோம். அத்தகைய வண்டிகள் எந்த ஊர்ச் சந்தைக்கும் வரலாம் அல்லவா?

இன்ஜினைக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும் என்பது பாயின் விதி. நாம் போகுமுன்பே சூடேற்றி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று அவர் ஐயுறுவார். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது; கரும்புகை வந்தால் எரிபொருள் சரியாக எரியவில்லை; இன்ஜின் சூடான பின்பும் அடர்ந்த வெண்புகை நில்லாது வந்தால், ரேடியேட்டர் தண்ணீர் இன்ஜினுக்குள் கசிகிறது. ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் பாலாடைபோல் படிந்திருந்தாலும் அந்த ஐயமே. பிரேக் மிதியை அழுத்தி, அழுத்தியபடியே சிறிது நேரம் வைத்திருக்க வேண்டும். கால் மெல்ல மெல்லக் கீழிறங்கினால் மாஸ்டர் சிலிண்டரில் பழுது. இந்தக் கடைசிப் பாடத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இயந்திரத்திற்குப்பின் காகிதங்கள். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். கடனில் வாங்கிய வண்டியாயின், கடன் தீர்ந்ததற்கான நிறுவனத்தின் சான்றும், ஆர்.சி.யில் அடமானப் பதிவு நீக்கமும் தேவை. நம் பகுதி கர்நாடக எல்லையை ஒட்டியிருப்பதால் அம்மாநில வண்டிகள் மலிவாகக் கிடைப்பதாக ஆசை காட்டுவார்கள். அங்கிருந்து தடையில்லாச் சான்று பெற வேண்டும்; பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால், இங்கே வரி செலுத்தி மறுபதிவு செய்ய வேண்டும். இன்சூரன்ஸ் காலாவதி, நிலுவையிலுள்ள அபராதங்கள் ஆகியவற்றை இப்போது அரசின் பரிவாகன் தளத்தில் கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம்.

இவற்றைப் பார்த்தபோது நமது திருமுழுக்குப் பதிவேடு நினைவுக்கு வந்தது. திருச்சபைச் சட்டத்தின் 535ஆம் எண்படி ஒருவருடைய உறுதிபூசுதல், திருமணம், குருத்துவம், நிரந்தரத் துறவற வார்த்தைப்பாடு யாவும் அதில் குறிக்கப்படுகின்றன. எத்தனை ஊர் மாறினாலும் அவருடைய வரலாறு அந்த ஓரிடத்திற்கு வந்து சேரும். வண்டிக்கும் அப்படியொரு பதிவேடு உண்டு. அதைச் சரியாக எழுதி வைப்பதில் உயிர்களின் நீதி அடங்கியிருக்கிறது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதற்குச் சான்று. வண்டி பல கைகள் மாறிவிட்டது. பதிவிலோ முதலாமவர் பெயரே இருந்தது. விபத்து நேர்ந்தபோது, இழப்பீடு தரும் பொறுப்பு பதிவில் உள்ள அவருடையதே என்று நீதிமன்றம் கூறிற்று. வண்டியை விற்பவர்கள், பணம் கைக்கு வந்ததும் கடமை முடிந்ததென எண்ணாமல், பெயர் மாற்றம் முடியும்வரை கவனிக்க வேண்டும்.

மூன்றாவதாகப் பார்த்த கார் சோதனைகளில் தேறியது, வாங்கினோம். இதுவரை நாம் வாங்குபவராக இருந்தோம். அடுத்து விற்பவரானோம்.

ஜீப்பைக் கேட்டு வந்தவர் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவர். நமது பங்கின் கிளைக் கிராமத்தவர். அவருடைய மனைவி கரையில் மீன் வறுத்து விற்கிறார். கடைச் சாமான்களைப் பென்னாகரத்திலிருந்து கொண்டுவரவும், பிள்ளைகளை அழைத்துச் செல்லவும் ஒரு வண்டி வேண்டும். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைத் துணிப்பையில் கொண்டு வந்திருந்தார். “வண்டியைப் பாரும்” என்றோம். அவர் சிரித்தார். “பார்க்கிறதுக்கு என்ன இருக்கு சாமி? உங்க வண்டிதானே!”

அந்தச் சொல் நம்மை மகிழ்வித்திருக்க வேண்டும், உறுத்தியது. ஜீப்பின் பிரேக் மிதியை அழுத்தி வைத்திருந்தால் அது மெல்லக் கீழிறங்கும் என்று பாய் ஆறு மாதங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தார். செலவை எண்ணித் தள்ளிப்போட்டுவிட்டு, மெதுவாக ஓட்டிச் சமாளித்து வந்தோம். பேசிய விலையோ பழுதற்ற வண்டிக்குரியது. “நாளைக் காலையில் வாரும்” என்று மட்டும் கூறினோம். பேச்சுவாக்கில், மழைக்குப்பின் ஆற்றில் தொழில் எப்படி என்று வினவினோம். “தினமும் காலையில பரிசலைக் கவிழ்த்துப் போட்டு அடியைப் பார்த்துட்டுத்தான் ஆளை ஏத்துவோம், சாமி. நம்பி உட்கார்றாங்களே” என்றார். குறை கூறும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை.

அன்றிரவு மனம் பல வழக்குகளை வாதாடியது. பழைய வண்டியில் பழுது இருக்கும் என்பது யாருக்குத்தான் தெரியாது? அவர் கேட்கவில்லையே? பணம் நமக்கா, கோவிலுக்குத்தானே? குருமடத்தில் படித்த புனித அக்குவினா தோமையார் அப்போது எதிரே வந்து நின்றார். விற்பவர் பொருளின் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவரா என்று தமது இறையியல் பேரேட்டில் ஒரு தனி வினாவே எழுப்பியிருக்கிறார். ஒற்றைக் கண் குதிரையைப்போல் குறை வெளிப்படையாகத் தெரிந்து, விலையும் அதற்கேற்பக் குறைந்தால் சொல்லாதிருக்கலாம். ஊரறியப் பறைசாற்றவும் தேவையில்லை. ஆனால் குறை மறைந்திருந்து, அதனால் வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ நேருமாயின், அவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறார். தேர்வில் இதை எழுதி நல்ல மதிப்பெண் பெற்றது நமக்கு நினைவிருந்தது. அந்த வினா மலைப்பாதையில் இறங்கும் ஒரு குடும்பத்தைப் பற்றியது என்பது அன்றைக்குத்தான் விளங்கிற்று.

இறக்கத்தில் இடைவிடாமல் மிதித்தால் பிரேக் சூடேறும். பிரேக் எண்ணெய் பழையதாகி ஈரம் ஏறியிருந்தால் அது கொதித்து, மிதி வெறுமையாகிவிடும். இரண்டாம் கியரில் இறங்கும் பழக்கம் நமக்குண்டு. புதிதாக ஓட்டும் அவருக்கு?

மறுநாள் அவரை ஜீப்பில் உட்காரவைத்து, பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொன்னோம். மிதி இறங்கியது. அனைத்தையும் கூறினோம், முந்திய நாளே கூறாததையும் கூறினோம். அவர் சற்று நேரம் மௌனமாயிருந்தார். அந்த மௌனம் நமக்குத் தக்க தண்டனையாயிற்று. பின் பாயிடம் வண்டியை விட்டு மாஸ்டர் சிலிண்டரையும் பிரேக் எண்ணெயையும் மாற்றி, அந்தச் செலவை நாமே ஏற்று, விலையையும் குறைத்து விற்றோம். பெயர் மாற்றப் படிவங்களில் இருவரும் சேர்ந்தே கையெழுத்திட்டோம். பங்குப் பேரவையில் வரவு குறைந்ததற்கான காரணத்தையும் அறிவித்தோம்.

அன்பர்களே, பிறர் வண்டியை நாம் தட்டிப் பார்த்தோம், முகர்ந்து பார்த்தோம், காந்தம் வைத்துப் பார்த்தோம். நமது வண்டியிடம் வந்தபோது சோதனை நின்றுவிட்டது. ஒப்புரவு அருட்சாதனத்திற்குமுன் நாம் செய்யும் ஆன்ம சோதனையும் பல வேளைகளில் இப்படித்தான் இல்லையா? பிறருடைய பட்டிப் பூச்சு நம் கண்ணுக்குத் தப்புவதில்லை. நம்முடைய இறங்கும் மிதிக்கோ, மெதுவாக ஓட்டிச் சமாளிக்கலாம் என்னும் சமாதானம் எப்போதும் கைவசம் இருக்கிறது.

ஜூலை 25ஆம் நாள், ஆற்றைக் கடக்கக் குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்ததாக மரபு போற்றும் புனித கிறிஸ்தோபரை நினைந்து வண்டிகளை மந்திரிப்பது பல இடங்களில் வழக்கம். அடுத்த முறை மந்திரிக்குமுன் ஒவ்வொருவரையும் பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பார்க்கச் சொல்ல எண்ணியிருக்கிறோம். அந்தப் பரிசல் சகோதரரும் தம் ஜீப்போடு வருவார். நம்மை இன்னும் ‘சாமி’ என்றுதான் அழைக்கிறார். ஆனால் இப்போது எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் குனிந்து டயரைப் பார்க்கிறார். நமது வண்டியானாலும் பார்க்கிறார். அதில் நமக்கு வருத்தமில்லை.