அரைத்த மாவு அரிசியாகுமா?

புளியறைச் சோதனைச் சாவடியைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அங்கே பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, அத்தாட்சியும் காட்ட வேண்டும்.

எங்கள் மகளிர் குழுக் கணக்குக்காக என் மகள் கம்ப்யூட்டரில் ஒரு ஏற்பாடு செய்தாள். 2005-ல் வெளிவந்த 'ஜாங்கோ' என்ற சாப்ட்வேர் சட்டகமாம். வீட்டுக்கு நிலைவாசல் தயாராகக் கிடைப்பதுபோல், ஆள் அடையாளம் பார்க்கும் வசதி அதிலேயே இருக்கிறதாம்.

"பன்னிரண்டு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு போதாதாடி?" என்றேன்.

"நோட்டுல ஐந்நூறு ரூபாயை யாரு திருத்துனதுன்னு தெரியாம ரெண்டு நாள் நீ சாப்பிடலையேம்மா!"

வாயடைத்துப் போனேன். பொருளாளர் என்று பழி என் தலையில்தானே விழுந்தது!

"சரி, மறந்துபோனால் உன்னிடம் கேட்டுக்கொள்கிறேன்."

"எனக்கும் தெரியாதும்மா. பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைக்காது. ஆளுக்கொரு உப்பு சேர்த்து, லட்சக்கணக்கான தடவை அரைச்சுத்தான் வைக்கும். அரைச்ச மாவு அரிசியாகுமா? நீ மறுபடி சொல்றதையும் அதேபோல அரைச்சு ஒத்துப் பாக்கும். மறந்தா புதுசுதான் வைக்கணும்."

இப்போது ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் திருத்தியவர் பெயர் நிற்கிறது. குழுவில் சந்தேகப் பேச்சு இல்லை. எனக்கும் நிம்மதியான தூக்கம்.

சகோதரிகளே, பாஸ்வேர்டை யார் போனில் கேட்டாலும் சொல்லிவிடாதீர்கள். பெற்ற மகளுக்கே தெரியாதது ஊரார்க்கு எதற்கு?