மூலமும் ஒரு மோட்டார் சைக்கிளும்

மூன்று மாதமாக நான் எதுவும் எழுதவில்லை. ஒரு மோட்டார் சைக்கிளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். கேட்ட நண்பர்களிடம் மனைவிக்காக என்று சொன்னேன். அது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

வண்டி யமஹா ஆர்.எக்ஸ். 100. இந்தியாவில் 1985இலிருந்து 1996 வரை தயாரானது. 98 ஸிஸி, இரண்டு ஸ்ட்ரோக், 11 குதிரை சக்தி. எடை நூறு கிலோவைக் கொஞ்சம் தாண்டும். அவ்வளவு சின்ன உடம்புக்கு அந்த வேகம் அதிகம்தான். அவள் அப்பாவிடம் ஒன்று இருந்தது. அதில்தான் அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அவர் இருக்கும்போதே அது விற்றுப்போயிற்று. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், "அந்த மாதிரி ஒண்ணு கிடைச்சா நான் ஓட்டுவேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நான் வாங்கிவந்தது 1993ஆம் வருஷத்து வண்டி. முன்பு வைத்திருந்த யாரோ ஓர் இளைஞன் தன் ஆசைகள் எல்லாவற்றையும் அதன்மேல் ஏற்றியிருந்தான். ஹாண்டில்பாரை எடுத்துவிட்டுத் தாழ்ந்த கம்பி. குரோமிய மட்கார்டுகள் இல்லை. டாங்க்கின் மேல் பளபளப்பில்லாத கறுப்பு. சைலன்ஸர் இருக்கவேண்டிய இடத்தில் வயிறு பருத்த ஒரு குழாய். பின்சக்கரத்தை ஒட்டிய ஸாரி கார்டும், பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளும் கம்பியும் போயிருந்தன. ஸீட்டின் பஞ்சை வெட்டித் தாழ்த்தியிருந்தான்.

கம்பெனியிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிடுவது என்று தீர்மானித்தேன். உதிரிபாகங்களின் காட்டலாக் ஒன்று கிடைத்தது. அதன் படங்களை வண்டியோடு ஒப்பிட்டு வித்தியாசங்களை நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். 1887இல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவருவதற்கு முன் உ.வே. சாமிநாதையர் ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்த வேலை ஞாபகத்துக்கு வந்தது. என்னுடையது அதன் கேலிச்சித்திரம் என்று தெரிந்தும் அந்த நினைப்பு சந்தோஷமாக இருந்தது. உப்புத்தாளால் டாங்க்கைத் தேய்த்தபோது கறுப்புக்கு அடியில் சிவப்பு வந்தது. அதற்கும் அடியில் மயில்நீலம். அன்று ராத்திரி வெகுநேரம் தூங்கவில்லை.

மாட்டியவற்றையெல்லாம் கழற்றிவிட முடிந்தது. சிக்கல் சிலிண்டரில் இருந்தது. எரிந்த வாயு வெளியேறும் துவாரத்தை அரம் போட்டு மேல்நோக்கிப் பெரிதாக்கியிருந்தான். துவாரம் முன்கூட்டித் திறந்தால் அதிகச் சுழற்சியில் பலம் கூடும். மெதுவாகப் போகையில் எஞ்சின் திணறும். மெக்கானிக் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். "போட்டதைக் கழட்டிடலாம் சார், ராவினதை என்ன பண்றது?" என்றார். புதுப்பேட்டையில் நாலு நாள் அலைந்து, அரம் படாத வேறொரு சிலிண்டரை வாங்கி வந்தேன். போர் போட்டு, அதற்கேற்ற ஓவர்ஸைஸ் பிஸ்டன் போட்டாயிற்று. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண் கீழே கிராங்க் கேஸில் இருக்கிறது. மேலே உட்காரும் சிலிண்டருக்கு அந்த எண் கிடையாது. ஆகவே சட்டப்படி இது அதே வண்டி. காணாமல்போன ஓர் ஏட்டை வேறு பிரதியிலிருந்து எடுத்து நிரப்பியிருக்கிறேன் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

சட்டமும் என் கட்சியில்தான் இருந்தது. தயாரித்தவர் குறித்ததற்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. பின்னால் உட்காருபவரின் உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கப்பட வேண்டும் என்கிறது 1989ஆம் வருஷத்து விதி. ஸாரி கார்டைத் தேடிப் பிடித்துப் பாலிஷ் போட்டு நானே மாட்டினேன். அதைப் பார்த்துவிட்டு அவள், "நான் முன்னாடிதானே உட்காரப்போறேன்?" என்றாள். பிறகு, "இருக்கட்டும், நீங்க வேட்டி கட்டிக்கிட்டு வந்தா உதவும்" என்றாள். சிரித்தேன். பெண்ணைப் பின்ஸீட்டில் ஒருபக்கமாக உட்காரவைத்துப் பார்க்கும் ஒரு கற்பனையையும் சேர்த்தே நான் மீட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது மறுநாள்தான் உறைத்தது.

கடைசியாகப் புது ஸீட் வந்தது. காட்டலாக்கில் உள்ள அதே உயரம், அதே தையல். அவளை ஏறி உட்காரச் சொன்னேன். கால்விரல்கள் மட்டும் தரையைத் தொட்டன. இறங்கி, பழைய ஸீட்டைக் கேட்டாள். அதைப் போட்டால் இவ்வளவு வேலைக்கும் அர்த்தமில்லாமல் போய்விடும், ஒரிஜினல் என்பதே போய்விடும் என்று குரலை உயர்த்திச் சொன்னேன். அவள் டாங்க்கின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா வண்டியிலயும் ஸீட்டை வெட்டித்தான் இருந்தது. எனக்குக் கால் எட்டலேன்னு அவர்தான் வெட்டினார்" என்றாள்.

அவள் கேட்ட வண்டி எந்தக் காட்டலாக்கிலும் இல்லை. ஒரு தகப்பனின் கத்தி பட்ட வண்டி அது. என்ன நிறம் என்றாவது, எப்படி இருந்தது என்றாவது மூன்று மாதத்தில் ஒருநாள் நான் அவளிடம் கேட்டிருக்கலாம். காட்டலாக்கைத்தான் கேட்டேன். வேலையின் சுகம் எனக்கு, அவள் பெயர் அதற்கு. அந்த முகம் தெரியாத இளைஞனை மட்டமாகப் பேசியிருக்கிறேன். அவனாவது தன் ஆசையைத் தன் ஆசை என்றே வைத்துக்கொண்டிருந்தான்.

பழைய ஸீட் குப்பைக்குப் போயிருக்கும் என்று பயந்துகொண்டே மெக்கானிக் கடைக்குப் போனேன். கடைப்பையன் அதன்மேல் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு ஸ்டூல் வாங்கிக் கொடுத்துவிட்டு எடுத்துவந்தேன். புது ஸீட் துணி சுற்றிப் பரண்மேல் இருக்கிறது. அவளுடைய அப்பாவின் வண்டி சிவப்பாம்.