ரெண்டு ஏஸும் ரூம்மேட்டும்

லாஸ் வேகாஸ்ல 1-2 டாலர் டேபிள்ங்கறது போக்கரோட எல்.கே.ஜி. 2003-ல கிறிஸ் மணிமேக்கர்ங்கற அக்கவுண்டன்ட் 25 லட்சம் டாலர் ஜெயிச்ச கதையைக் கேட்டுட்டு வர்ற என்னை மாதிரி ஆசாமிங்க உட்கார்ற இடம். (ஜெயிச்சாலும் காசினோ கமிஷன் எடுத்துக்கும், அது தனி வயித்தெரிச்சல்.)

நண்பர்களோட போனா இன்னொரு இம்சை. நண்பனாச்சேன்னு விட்டுக்கொடுத்து ஆடக்கூடாது, அது விதிமீறல்.

போன மாசம் மூணு மணி நேரம் உருப்படியா சீட்டே வரலை. நூறு டாலர் காலி. அப்புறம் வந்துது பாருங்க, ரெண்டு ஏஸ்! 221 தடவைக்கு ஒரு தடவைதான் வரும். எதிர்ல என் ரூம்மேட், கையில இருந்த கடைசி 80 டாலரையும் தள்ளிட்டான். பயலுக்கு வேலை போய் மூணு வாரம். எச்1பி விசாவுக்கு 60 நாள் கெடு ஓடிக்கிட்டிருக்கு. "ரூம்லயே இருந்தா பைத்தியம் பிடிக்குதுடா"ன்னு கூட வந்தவன்.

ஒரு நிமிஷம் அவன் மூஞ்சியைப் பார்த்தேன். கால் பண்ணேன்.

அவன்கிட்ட ரெண்டு ராஜா. நூத்துக்கு 82 எனக்குத்தான் சாதகம். கடைசிச் சீட்டு... ராஜா! கத்தினான் பாருங்க, மூணு வாரத்துல அவன் சிரிச்சு அன்னிக்குத்தான் பார்த்தேன். எனக்கு வயிறும் எரிஞ்சுது, சந்தோஷமாவும் இருந்துது.

ராத்திரி ரெண்டு மணிக்கு பான்கேக், அவன் செலவு. சிரப் ஊத்திக்கிட்டே, "ஏன்டா மச்சி கால் பண்ணே?"ன்னான்.

ரெண்டு ஏஸை வச்சுக்கிட்டு வேற என்னத்தப் பண்றதாம்!