நரிக்காவது பழம் இருந்தது!

நரிக்கு எட்டாத உயரத்திலாவது திராட்சை தொங்கியது. என் வீட்டுப் பந்தலில் 3 வருஷமாகத் தொங்கியது என் சம்சாரம் காயப்போட்ட ஈரத்துணி மட்டும்தான்.

எனக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கம். பிழைப்பு மதுரையில். ஊர்க்காரன் என்ற திமிரில், அப்பா தோட்டத்துப் பன்னீர் திராட்சைக் குச்சி ஒன்றை ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து நட்டேன். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, ஏதோ எனக்கே கிடைத்த மாதிரி ஆபீஸில் லட்டு கொடுத்தேன். "உங்க வீட்டுல எப்ப சார் பழம்?" என்றார்கள். "வரும், வரும்..."

வந்ததெல்லாம் இலை! கைப்பிடிச் சுவரில் ஏறி, பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரே இலை. "நீங்க போட்ட புண்ணாக்குக் காசுக்குத் தினம் கால் கிலோ வாங்கித் தின்னிருக்கலாம்" என்பாள் சம்சாரம்.

அம்மா போனபிறகு அப்பா எங்களோடு வந்து இருந்தார். மதுரையில் அவருக்கு என்ன வேலை? பந்தலடியில் நாற்காலி போட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

"கவாத்துப் பண்ணணும்டா."

"வேணாம்ப்பா."

தினம் ஒருவேளை இந்த வசனம். ஊரில் ஏக்கர் கணக்கில் வெட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன்தான் நான். ஆனால் அது தோட்டம். இது மடியில் வைத்துக் கொண்டுவந்த கொடியாயிற்றே!

"நாட்டுத் திராட்சைன்னு பீத்திக்கிறியே, இதுவே வெள்ளைக்காரப் பாதிரியார் கொண்டாந்ததுடா. நம்ம மண்ணுல பொறந்தது வேணும்னா அங்க பாரு" என்று ஒருநாள் வேலியைக் காட்டினார். பிரண்டை! சிரித்துவிட்டேன். அப்புறம் விசாரித்தால், தாவரவியல்படி இரண்டும் ஒரே குடும்பமாம். இலைக்கு எதிர்ப்பக்கம் அதே சுருள் கம்பி, பட்டாணி அளவில் சிவப்பாகப் பழம்கூட உண்டு. தின்றால் நாக்கு அரிக்கும், அவ்வளவுதான். பந்தலும் கேட்காமல், புண்ணாக்கும் கேட்காமல் அது பாட்டுக்குத் துவையலுக்கு வந்துகொண்டிருந்தது.

ஒரு ஜனவரி மாதம். ஆபீஸிலிருந்து வந்தால், பந்தல் வழியாக வானம் தெரிந்தது.

தரையெல்லாம் கொடி. அப்பா கையில் கத்தரி. ஒவ்வொரு கிளையிலும் 4 கணு விட்டு மிச்சத்தைச் சீவிவிட்டிருந்தார். வெட்டின நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

"கொடி அழுவுதுப்பா!"

"அழலைடா. வேரு முழிச்சிருச்சு."

நான் கத்தினேன். கத்தினதையெல்லாம் இங்கே எழுத முடியாது. ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். "இது உங்க தோட்டம் இல்லப்பா, என் வீடு."

மறுநாள் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். "தோட்டத்துல வேலை கிடக்கு" என்றார். தோட்டத்தை விற்று 2 வருஷம் ஆகியிருந்தது. சித்தப்பா வீட்டில்தான் போய் இருந்தார்.

12-ம் நாள் கணுக்கள் வீங்கின. அப்புறம் தளிர். மூன்றாவது வாரம், தளிருக்கு நடுவே கடுகு கடுகாகப் பச்சைக் கொத்து! குளிர் தேசத்தில் பனிக்காலம் வந்து இலையை உதிர்த்துக் கொடியைத் தூங்கவைத்து எழுப்பும். நம் வெயிலில் அது தூங்குவதே இல்லை, இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். முற்றின கிளையை வெட்டினால், அதிலிருந்து கிளம்பும் புதுத் தளிரில்தான் பூ. பனி செய்வதை இங்கே கத்தரி செய்யவேண்டும். இதைத்தான் அப்பா தினமும் இரண்டே வார்த்தையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாமாவுக்கு போன் பண்ணுங்க" என்றாள் சம்சாரம். பண்ணுகிறேன், பண்ணுகிறேன் என்று 5 நாள் ஓட்டினேன். ஆறாம் நாள் அவளே போட்டுக் கையில் கொடுத்துவிட்டாள்.

"அப்பா..."

"எத்தனை குலை?"

"பதினேழு."

"நாலைக் கிள்ளிப் போடு. மொதக் காய்ப்பு, கொடி தாங்காது."

"எனக்கு எதைக் கிள்ளறதுன்னு தெரியாதுப்பா. நீங்க வந்து கிள்ளுங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "தண்ணியை நிறுத்திறாதே" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். பந்தலடியில் நாற்காலி போட்டிருந்தது. காலியாகத்தான் இருந்தது. உள்ளே டி.வி. சத்தம். அண்ணாந்து எண்ணினேன்.

பதின்மூன்று.